மாட்டுப்பட்டவரின் டியூட்டி

"அது சரி, ஓடுறது விளங்குது. எப்பிடி நிப்பாட்டுறது?"

கொன்ஸ்ரன்ரைன் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவருடைய மைத்துனர் ஸ்ரான்லி கனடாவில் ஒரு பனிமலையின் அடிவாரத்தில், கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு, மூக்குச் சிவந்து நின்றார். கேட்டவரோ வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில், சாரமும் பெனியனுமாக, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தார். கைப்பேசித் திரையில் ஒரு பெண்பிள்ளை இரண்டு நீளப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு வெள்ளைச் சரிவில் சறுக்கி வந்தாள். வந்த வேகத்துக்கு அவள் எங்கே போய் மோதப் போகிறாளோ என்று கொன்ஸ்ரன்ரைன் கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். அவள் மோதவில்லை. ஸ்ரான்லிக்குப் பக்கத்தில் வந்து சும்மா நின்றாள்.

பனிமலை என்றதும் ஊரில் உள்ள மற்றவர்கள் குளிரைப் பற்றித்தான் கேட்பார்கள். கொன்ஸ்ரன்ரைனின் புத்தி அப்படிப் போகாது. கொழும்புத் துறைமுகத்தில் டலி கிளாக்காக இருந்து, கப்பலில் ஏறும் மூட்டையையும் இறங்கும் பெட்டியையும் எண்ணி எண்ணியே தலை நரைத்த மனிதர். பாரந்தூக்கியில் ஒரு பெட்டி தொங்கினால் மற்றவர்கள் அதற்குள் என்ன இருக்கிறது என்று யோசிப்பார்கள். அவர் அது எங்கே போய், எப்படி நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் மாட்டார். கேட்டுக் கேட்டே மேலதிகாரிகளின் உயிரை வாங்கியவர்.

"அத்தான், முன்பக்கம் ரெண்டும் கிட்ட, பின்பக்கம் அகல. அவ்வளவுதான். சின்னப் பிள்ளையளுக்கு பீட்சாத் துண்டு மாதிரி வையுங்கோ எண்டு சொல்லிக் குடுப்பினம்."

"பீட்சா வரமுதல் என்னண்டு சொல்லிக் குடுத்தவை?"

ஸ்ரான்லி சிரித்தார். அவருக்கு இது பழக்கம். இறந்துபோன அக்காவின் கணவர் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் எடுப்பார். எடுத்தால் ஒரு மணித்தியாலம் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அன்று அழைப்பு முடிந்த கையோடு கொன்ஸ்ரன்ரைன் தன் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஹோல் நடுவில் நின்று, கால்விரல்களை உள்ளே திருப்பி, குதிகளை அகட்டிப் பார்த்தார். மகள் சாமினி குசினியில் இருந்து எட்டிப் பார்த்தவள், கையில் இருந்த அகப்பையோடு ஓடிவந்தாள்.

"அப்பா! உங்களுக்கென்ன விசரோ? காலை உள்ளுக்குத் திருப்பக்கூடாது எண்டு டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர்!"

"சும்மா, நிக்குதோ எண்டு பாத்தனான்."

"ஹோலில ஓடினாத்தானே நிக்கிறதுக்கு?"

நியாயமான கேள்விதான். அவரால் ஓடவும் முடியாது, இறங்கவும் முடியாது. இடுப்பெலும்பு முறிந்து, செயற்கை மூட்டு வைத்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று அந்தத் தொடர்மாடியின் லிப்ட் அவரை ஐந்தாம் மாடிக்கு ஏற்றியது. அது செய்த கடைசி நல்ல காரியம் அதுதான். அடுத்த கிழமை நின்றது, நின்றதுதான். சமதரையில் நடக்கலாம், படியில் மட்டும் கால் வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பல்கனியில் நின்றால் கடல் தெரியும், ரயில் போவது தெரியும். கடலுக்கும் அவருக்கும் நடுவில் ஐந்து மாடிப் படிகள் இருந்தன.

லிப்ட்டைத் திருத்த முடியாத யந்திரம் என்று யாரும் சொல்லவில்லை. திருத்துகிறவன் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். பிரச்சினை வேறு. கீழ்மாடிக்காரரும் முதலாம் மாடிக்காரரும் தாங்கள் லிப்ட்டில் ஏறுவதே இல்லை, ஆகவே பங்கு தர முடியாது என்றார்கள். நிர்வாகக் குழுக் கூட்டம் வைத்து முடிவெடுக்கலாம் என்றால், அது செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வரவேண்டும் என்ற கோரம் ஒருநாளும் சேராது. செயலாளராக இருந்த மூன்றாம் மாடி றிப்னா, பகலில் மருந்துக்கடையில் நின்று களைத்து வந்து, மாலையில் கதவு கதவாகத் தட்டி அலுத்துப்போனாள்.

"கோரம் இல்லாம நான் என்னத்தச் செய்ற, அங்கிள்? வாறம் எண்டு சொல்ற எல்லாரும், வாறது மூணு பேர்," என்று அவள் கொன்ஸ்ரன்ரைனிடம் முறைப்பட்டாள்.

கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த பதியுதீன்தான் எதிர்ப்புக் கட்சிக்குத் தலைவர். வேடிக்கை என்னவென்றால், கொன்ஸ்ரன்ரைனுக்கு அந்தக் கட்டடத்தில் மிக நெருங்கிய சிநேகிதரும் அவர்தான். இருவருக்கும் இடையில் ஒரு கயிறு ஓடியது. பல்கனியில் இருந்து கயிற்றில் ஒரு பிளாஸ்ரிக் கூடையை இறக்கினால், பதியுதீன் பாணையும் பேப்பரையும் வைத்து, கயிற்றை இரண்டு தரம் சுண்டுவார். மேலே இழுத்துக்கொண்டே கதை தொடங்கும். தெருவே கேட்கும்.

"பதியுதீன் நானா! கனடாவில ஸ்ரான்லியின்ர மலைக்கு முதலாளியே இல்லையாம்!"

"முதலாளி இல்லாட்டி சம்பளம் யாரு குடுக்குற?"

அதுதான் கொன்ஸ்ரன்ரைனையும் அரித்துக்கொண்டிருந்த கேள்வி. ஸ்ரான்லி இருந்த ஊர் சின்ன ஊர். ஒரு மரக்காலை, ஒரு பாடசாலை, ஒரு பேக்கரி, அதோடு இந்த மலை. முன்பு மலைக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். கட்டுப்படியாகவில்லை என்று அவர் மூடப்போனபோது ஊர்ச்சனம் சேர்ந்து அதை வாங்கிவிட்டது. கம்பி வடத்தில் கதிரைகள் தொங்கிக்கொண்டு மேலே போகிற லிப்ட் ஒன்றை வேறொரு மலையில் கழற்றி, லொறியில் கொண்டுவந்து, தாங்களே பூட்டினார்கள். சம்பளத்துக்கு நிற்பவர் ஒன்றிரண்டு பேர். மிச்சம் எல்லாம் சிரமதானம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டியூட்டி. பற்றை வெட்டுவது, டிக்கெட் கொடுப்பது, சூப் காய்ச்சுவது, விழுந்து காலை முறித்தவரைச் சறுக்குவண்டியில் கட்டி இறக்குவது.

"சறுக்கத் தெரியாதவையும் சேர்ந்திருக்கினமோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"சறுக்காத ஆக்கள்தான் கூட வேலை செய்யினம், அத்தான்."

"சறுக்காதவனுக்கு மலை என்னத்துக்கு?"

"நானும் கேட்டனான். பனிக்காலத்தில சனம் ஆளையாள் பாக்கிறதுக்கு வேற இடமில்லை எண்டு சொல்லிச்சினம்."

இந்தப் பதிலை கொன்ஸ்ரன்ரைன் அப்படியே கூடையில் வைத்துக் கீழே இறக்காத குறையாகப் பதியுதீனுக்குச் சத்தமாக ஒப்புவித்தார்.

"ஐயா, அது கனடா. நான் கீழ ஈக்கிற ஆள். அந்த லிப்ட்டுட பட்டன ஒரு நாளைக்காவது அமத்தீக்கிறேனா? பொறகு என்னத்துக்கு நான் சல்லி தார?" என்று பதியுதீன் கயிற்றைச் சுண்டினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இப்படியே மார்கழி வந்தது. மார்கழி வந்தால் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில், கண்களைக் காக்கும் புனிதரான லூசியம்மாளின் திருநாள் வரும். கொன்ஸ்ரன்ரைன் பிறந்து வளர்ந்தது அங்கேதான். கைக்குழந்தையாக இருந்தபோது கண் இரண்டும் புண்ணாகி, பார்வை தப்பாது என்று எல்லோரும் கைவிட்ட நேரம், பிள்ளை பார்த்தால் வருஷா வருஷம் அவன் கையால் மெழுகுதிரி ஏற்றுவான் என்று அவருடைய தாய் லூசியம்மாளுக்கு நேர்ந்திருந்தார். பிள்ளை பார்த்தது. பார்த்தது போதாதென்று இன்றுவரை எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊரடங்கு நாட்களில்கூட அவர் அந்த மெழுகுதிரியைத் தவறவிட்டதில்லை.

"யூரியூப்பில லைவ் போகும் அப்பா," என்றாள் சாமினி.

"யூரியூப்பில மெழுகுதிரி கொளுத்தேலுமோ?"

"அப்ப நாலு பேரைக் கேப்பம். கதிரையில வைச்சு இறக்கலாம்தானே?"

அவர் பல்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதையும் கேட்டுத் தொலைக்கிற மனிதர் வாயை மூடினால் விஷயம் பெரிது என்று சாமினிக்குத் தெரியும். என்ன விஷயம் என்பதும் தெரியும்.

புரட்டாதியில் நான்காம் மாடி இரத்தினம்மாவின் கணவருக்கு நெஞ்சு வலித்தது. அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் வந்து நின்றது, லிப்ட் நின்ற இடத்திலேயே நின்றது. நாலு பேர் அவரைச் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் சீவன் போய்விட்டது. அவர் இறங்கியதை ஐந்தாம் மாடிப் படித்தலைப்பில் நின்று கொன்ஸ்ரன்ரைன் பார்த்தார். வெள்ளைத்தலை ஒன்று ஆடி ஆடித் திருப்பத்தில் மறைந்தது. அன்றிலிருந்து கதிரையில் இறங்குவது என்றால் அவருக்குத் திரும்பி வராத பயணம். பயம் என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, கௌரவம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இறங்கினா என்ர காலால இறங்குவன். இல்லாட்டி இறங்கேல்லை," என்றார் கடைசியில்.

அடுத்த சனிக்கிழமை ஸ்ரான்லி எடுத்தபோது திரையில் முகம் தெரியவில்லை. ஒரு சோடி சப்பாத்து அந்தரத்தில் தொங்கியது. அதற்கு வெகு கீழே வெள்ளைத் தரை, சவுக்கு மரம் போன்ற கூர் மரங்கள், எறும்புபோல் மனிதர்கள்.

"அத்தான், நான் மாட்டுப்பட்டிருக்கிறன்!"

"ஐயோ, என்னடா சொல்லுறாய்?"

"பயப்பிடாதேங்கோ. வேணுமெண்டுதான் லிப்ட்டை நிப்பாட்டியிருக்கினம். சனம் கூடுற சீசனுக்கு முதல் வருஷா வருஷம் இந்தப் பயிற்சி நடக்கும். வடம் நிண்டுட்டுதெண்டா மேல இருக்கிற சனத்தை எப்பிடி இறக்கிறது? அதைப் பழகினம்."

கொன்ஸ்ரன்ரைன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இப்படி ஒரு கேள்வி தனக்கு இதுவரை தோன்றவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கீழே நின்றவர்கள் ஒரு மெல்லிய கயிற்றை வடத்துக்கு மேலால் எறிந்தார்கள். முதல் எறி தவறியது. இரண்டாவது விழுந்தது. அந்தக் கயிற்றோடு ஊஞ்சல் பலகைபோல் ஒன்று மேலே ஏறி வந்தது. கயிற்றின் மற்ற நுனியை நாலைந்து பேர் பிடித்திருந்தார்கள்.

"அதில ஒரு கிழவன் நிக்கிறான் போல?"

"அவர் தபாற்கந்தோரில இருந்து பென்சன் எடுத்தவர். பக்கத்தில நிக்கிற பிள்ளை பள்ளிக்கூட ரீச்சர்."

"நீ ஏன் மேல குந்திக்கொண்டிருக்கிறாய்? கயிறு பிடிக்கிற பக்கம் அல்லோ நிக்க வேணும்?"

"என்ர முதுகோட இந்த வருஷம் கயிறு இழுக்கேலாது. அதால எனக்கு மாட்டுப்பட்டவர் டியூட்டி தந்திருக்கினம்."

"மாட்டுப்படுறதும் ஒரு வேலையோ?"

"பின்ன என்ன? ஒருத்தரும் மாட்டுப்படாட்டி இவை ஆரை இறக்கிப் பழகிறது? போன வருஷம் பேக்கரிக்காரக் கிழவி இருந்தவ. அதோட அத்தான், கயிறு இறுகுதோ, பலகை சரியுதோ, எல்லாம் மேல இருக்கிறவர்தான் சொல்ல வேணும். கீழ நிக்கிறவைக்கு ஒண்டும் தெரியாது."

பேசிக்கொண்டே ஸ்ரான்லி பலகைக்கு மாறினார். ஒரு கணம் திரை முழுக்க வானம். பிறகு கூர் மரங்கள் மெதுவாக மேலே போயின. "இடப்பக்கம் கொஞ்சம் இழுக்குது!" என்று அவர் ஆங்கிலத்தில் கத்துவது கேட்டது. கீழே யாரோ திருப்பிக் கத்தினார்கள். கால் பனியில் பட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ ஒரு கோப்பை சூப்பைத் திரைக்குக் குறுக்கே நீட்டினார்கள்.

அன்று கொன்ஸ்ரன்ரைன் இரவுச் சாப்பாட்டில் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. விடிந்ததும் கூடையை இறக்கினார்.

"பதியுதீன் நானா! லிப்ட் இல்லாத கட்டடத்தில மேல இருக்கிற ஆளை இறக்கத் தெரியுமோ உங்களுக்கு?"

பதியுதீன் அண்ணாந்து பார்த்தார். அவரும் புரட்டாதியில் கதிரை தூக்கியவர்களில் ஒருவர். முகம் சுருங்கியது.

"ஏன் ஐயா காலங்காத்தால அந்தக் கத?"

"தெரியாதுதானே? பழக வேணும். நான் மாட்டுப்பட்டவர். நீங்கள் இறக்கிறவை. இது பயிற்சி. திருநாளண்டு செய்வம்."

பயிற்சி என்ற சொல் அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. தூக்கப்படுவது வேறு, தூக்கிப் பழகக் கொடுப்பது வேறு. பதியுதீன் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார். றிப்னா கேட்டு வாயைப் பிளந்தாள். இரண்டாம் மாடி றொஹான், தினமும் ஜிம்முக்குப் போய்ப் புஜத்தை வளர்த்து வைத்திருந்தவர், இந்த உடம்புக்கு இப்போதாவது ஒரு வேலை கிடைத்ததே என்று உடனே சம்மதித்தார். முதலாம் மாடியில் நகைக்கடைச் சகோதரர்கள் இருவர். அவர்களும் பங்கு தரமாட்டோம் என்ற கட்சிதான். திருநாளுக்குப் போக என்று கேட்டதும் மறுக்க வெட்கப்பட்டுத் தலையாட்டினார்கள்.

முந்தின நாள் மாலை ஒத்திகை. கொன்ஸ்ரன்ரைனுக்குப் பதிலாக ஒரு அரிசி மூட்டையைப் பிளாஸ்ரிக் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். அவர் படித்தலைப்பில் நின்று, இளவயதில் கொட்டாஞ்சேனையில் திருச்சுரூபக் கூடு தூக்கிய அனுபவத்தில், "உயரம் ஒத்த ரெண்டு பேர் ஒரு பக்கம்! மாடிக்கு மாடி ஆள் மாறு!" என்று கட்டளை போட்டார். முதல் திருப்பத்திலேயே கதிரையின் அகலக் கால்கள் சுவருக்கும் கைபிடிக்கும் நடுவில் இறுகிக்கொண்டன. முன்னுக்கும் வராது, பின்னுக்கும் போகாது. அரிசி மூட்டை உண்மையாகவே மாட்டுப்பட்டது.

அந்தச் சத்தத்துக்கு நான்காம் மாடிக் கதவு திறந்தது. இரத்தினம்மா வெளியே வந்து பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஒடுங்கிய மரக்கதிரை, கைபிடி இல்லாதது. எல்லோருக்கும் அது எந்தக் கதிரை என்று தெரிந்திருந்தது.

"இது திரும்பும்," என்றார் இரத்தினம்மா.

பதியுதீன் கையை நீட்டவில்லை. கொன்ஸ்ரன்ரைனுக்கு வேண்டாம் என்று வாய்வரை வந்துவிட்டது. அந்த நேரம் இரத்தினம்மா மேலே நின்ற அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணன், நாளைக்குப் போயிற்று வந்து எனக்கு ஒரு விசயம் சொல்ல வேணும்."

"என்ன விசயம்?"

"வந்தாப் பிறகு கேக்கிறன்."

கொன்ஸ்ரன்ரைனிடம் இப்படிச் சொன்னால் அவர் தூங்குவாரா? என்ன விஷயமாக இருக்கும் என்று புரண்டு புரண்டு யோசித்தார். பயப்பட நேரம் கிடைக்கவில்லை. யோசிக்கப் போனால், அவர் மறுநாள் அந்தக் கதிரையில் ஏறி இருந்ததற்கு லூசியம்மாள் பாதிக் காரணம், இரத்தினம்மா மிச்சப் பாதி.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, இடுப்பைச் சுற்றிச் சாமினியின் பழைய சேலை ஒன்றால் ஒரு கட்டு. தூக்கியதும் கதிரை முன்னே சரிந்தது. படிகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு முகத்துக்கு வருவதுபோல் இருந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "ஹெமின், ஹெமின்! மெதுவா! அங்கிள், பயம் வேணாம்," என்று றொஹான் சிங்களமும் தமிழுமாக மூச்சுவிட்டார். முதல் திருப்பத்தில் கதிரை சுவரில் உராய்ந்தது. இரண்டாவதில் உராயவில்லை. மேலே இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும் என்ற ஸ்ரான்லியின் சொல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணைத் திறந்தார்.

"வலப்பக்கம் பதியுது! நகைக்கடை, கொஞ்சம் உயத்து!"

அதற்குப் பிறகு வாய் மூடவில்லை. கீழே வந்து சேர்ந்தபோது தூக்கியவர்களுக்குப் பாரத்தைவிட அவருடைய கேள்விகள்தான் களைப்பாக இருந்திருக்கும். பதியுதீனுக்கு ஏன் இடது தோள் பதிவு, படியின் உயரம் ஏன் இரண்டாம் மாடியில் மட்டும் வேறு, எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். தெருவில் கால் வைத்ததும் பேச்சு நின்றது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. மாதக்கணக்கில் மேலிருந்து பார்த்த ஒழுங்கை. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் கண் கலங்கியது. சாமினி ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

கொட்டாஞ்சேனையில் நல்ல சனம். மெழுகுதிரி வாங்கி, நெருக்குப்பட்டு, தன் கையால் ஏற்றினார். சுரூபத்தை ஏந்திய கூடு வெளிக்கிட்டு வந்தபோது, தூக்கியவர்களின் தோளைப் பார்க்காமல், மேலே ஆடி ஆடி வந்த லூசியம்மாளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்கு இப்போது கொஞ்சம் தெரியும்.

ஓட்டோ திரும்பி வந்து ஒழுங்கையில் நின்றபோது பொழுதுபட்டிருந்தது. பதியுதீன் கடைவாசலில் நின்றார், கதிரை அவர் பக்கத்தில் இருந்தது. வேறு ஒருவரையும் காணவில்லை.

"நானா, மற்றவை எங்க?"

"மத்தவங்க என்னத்துக்கு?" என்று தொடங்கிய பதியுதீன் பாதியில் நிறுத்தினார். கதிரையைப் பார்த்தார். படியைப் பார்த்தார். ஐந்தாம் மாடியை அண்ணாந்து பார்த்தார். "அல்லாவே!"

இறக்குவதற்கு ஒரு கிழமையாகத் திட்டம் போட்டார்கள். ஒத்திகை பார்த்தார்கள். ஏற்றுவதைப் பற்றி ஒரு மனிதக் குஞ்சும் யோசிக்கவில்லை. கொன்ஸ்ரன்ரைன் உட்பட. றொஹான் ஜிம்முக்குப் போய்விட்டார். சகோதரர்கள் கடையில். கொன்ஸ்ரன்ரைனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. ஸ்ரான்லியை அழைத்துச் சொன்னார். கனடாவில் அப்போதுதான் காலை, மலை திறக்கிற நேரம்.

"அத்தான், எங்கட மலையில இறங்கிறது பெரிய வேலையில்லை, மலையே இறக்கிவிடும். ஏத்திறதுக்குத்தான் இவ்வளவு சனமும் பாடுபடுது!"

றிப்னா தொலைபேசியை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். ஏற்றுவதற்கு நாலு பேர் காணாது என்று எல்லாக் கதவையும் தட்டினாள். ஒரு வருஷமாகக் கூட்டத்துக்கு வராத கதவுகள் எல்லாம் திறந்தன. ஒரு கிழவரைப் படியில் ஏற்ற வேண்டும் என்றால் யார் மாட்டேன் என்பார்கள்? றொஹான் வேர்த்தபடி ஓடிவந்தார். சகோதரர்கள் கடையை மூடிவிட்டு வந்தார்கள்.

இறக்கும்போது இருந்த பாரம் ஏற்றும்போது இரண்டு மடங்காக இருந்தது. இரண்டாம் மாடிப் படித்தட்டுக்கு வந்ததும் கதிரையை வைத்துவிட்டு எல்லோரும் சுவரில் சாய்ந்தார்கள். மேல்படியிலும் கீழ்படியிலும் ஆட்கள். பதியுதீன் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். றிப்னாவின் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள்," என்றாள் மெதுவாக, "கோரம் ஈக்கி."

கொன்ஸ்ரன்ரைன் நிமிர்ந்து இருந்தார். "அப்ப கூட்டத்தைத் தொடங்கு பிள்ளை. லிப்ட் திருத்திறதுக்கு எல்லா வீடும் சேருறதோ இல்லையோ. முடிவு சொல்லுமட்டும் நான் இந்த இடத்தில இருந்து அசையேல்லை. நான் மாட்டுப்பட்டவர். இது என்ர டியூட்டி."

சிலர் சிரித்தார்கள். நகைக்கடைச் சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோர் கண்ணும் பதியுதீனிடம் போனது. அவர் சிரிக்கவில்லை. கதிரையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கி அந்த மனுசனத் தூக்கிட்டு ஓடினதுல நானும் ஒருத்தன்," என்றார். "லிப்ட் ஈந்திருந்தா... எனக்கு அது தெரியும். தெரிஞ்சதுனாலதான் அந்தக் கத எடுத்தா எனக்குக் கோவம் வந்த. எழுதுங்க மகள், நான் சேர்றேன்."

அவர் சேர்ந்த பிறகு சேராமல் நிற்க யாருக்கும் முகமில்லை. சகோதரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஓம் என்றார்கள். கூட்டம் முடிந்தது. கதிரை மறுபடி எழும்பியது.

நான்காம் மாடியில் கதவு திறந்திருந்தது. இரத்தினம்மா வாசலில் நின்றார். கதிரையை இறக்கி வைத்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து, உள்ளே போய் மேசையடியில் வேறொரு கதிரையில் இருந்தார். நேற்றிரவு முழுக்கத் தூங்கவிடாத கேள்வி அது. இனியும் பொறுக்க அவரால் முடியாது.

"என்ன விசயம், தங்கச்சி?"

இரத்தினம்மா அந்த மரக்கதிரையின் முதுகில் கையை வைத்தார்.

"அவரைக் கொண்டு போகேக்க நான் பின்னால ஓடினனான். முகம் தெரியேல்லை. தூக்கினவையின்ர முதுகுதான் தெரிஞ்சது. அவர் பயந்தவரோ, நொந்ததோ, எனக்கு ஒண்டும் தெரியாது. ஆரைக் கேக்கிறது? அதில இருந்து இறங்கின ஆள் இப்ப நீங்கள்தான். எப்பிடி இருந்தது?"

வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்ட மனிதரிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆறுதலுக்கு ஏதாவது சொல்லிவிடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கண்ணை மூடி, மேலிருந்து கீழே மறுபடி ஒருதரம் இறங்கிப் பார்த்தார்.

"வெளிக்கிடேக்க பயம்தான். முன்னுக்குச் சரியும், விழப்போறம் எண்டு நினைப்பு வரும். ஆனா அது முதல் திருப்பம் மட்டும்தான். பிறகு ஆக்களின்ர மூச்சுக் காதடியில கேக்கும். பதியுதீன் மெல்ல, மெல்ல எண்டு சொல்லிக்கொண்டே வந்தவர். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கை என்ர நெஞ்சில வந்து தாங்கினது. ஆற்ர கையெண்டு தெரியேல்லை. ஒவ்வொருக்காவும் வந்தது." கண்ணைத் திறந்தார். "தனிய இருக்கிற மாதிரி இருக்கேல்லை, தங்கச்சி."

வாசலில் பதியுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரத்தினம்மா தலையை அசைத்தார். சேலைத் தலைப்பால் கதிரையின் இருக்கையைத் துடைத்தார். அதை மேசையடிக்கு இழுத்து, மெல்ல அதில் இருந்தார். பிறகு மூடி வைத்திருந்த சோற்றைத் தனக்கு ஒரு பீங்கானிலும் கொன்ஸ்ரன்ரைனுக்கு ஒரு பீங்கானிலும் போட்டார்.

ஐந்தாம் மாடிக்கு இன்னும் ஒரு சுற்றுப் படி மிச்சம் இருந்தது. அதற்கு அந்தக் கதிரை வேண்டும். இரத்தினம்மாவை எழும்பச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவர் சாப்பிட்டு முடியுமட்டும் எல்லோரும் படியில் குந்திக்கொண்டிருந்தார்கள்.